ஒட்டியதும் ஒட்டாததும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் மகள் டியூசன் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், கொப்பியை எனக்கு முன்னால் விரித்து வைத்தாள். "சின்னம்மா, எச்.ஐ.வி உள்ளுக்கு வந்தா அந்தக் கலம் ஒண்டுமே செய்யாதோ? சும்மா பாத்துக்கொண்டிருக்குமோ?" கொப்பியில் இருந்தது மூன்றே வரி. வைரசு கலத்தில் ஒட்டும், உள்ளே புகும், பெருகி வெளியே வரும். கலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரோ திறந்துபோட்ட வெறும் வீடு மாதிரி அது கிடந்தது.

நல்ல கேள்வி. பக்கத்து வளவில் ஒரு ஆடு முளையில் கட்டி நின்றது, கயிறு எட்டின மட்டும் புல்லைத் தின்று முடித்துவிட்டு எட்டாத முருங்கை இலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு. "செய்யும்" என்றேன். "அந்த ஆட்டைப் பார். கலத்திட்டயும் அப்பிடி ஒரு கயிறு இருக்கு."

அந்தக் கயிற்றின் பெயர் டெதரின். ஆடு மாட்டை முளையில் கட்டும் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள டெதர் என்ற சொல்லிலிருந்தே இந்தப் பெயரை எடுத்தார்கள். செய்கிற வேலையும் அதேதான். எச்.ஐ.வி கலத்தை விட்டு வெளியேறும்போது கலத்தின் மென்சவ்வில் ஒரு துண்டைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு அரும்பி வருகிறது. பிரிந்து போகப்போகிற அந்தக் கடைசி நேரத்தில் இந்தப் புரதம் அதைக் கலத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது.

டெதரின் சின்னப் புரதம், 180 அமினோ அமிலங்கள்தான். ஆனால் அமைப்பு வித்தியாசமானது. மென்சவ்வில் இருக்கும் பல புரதங்களுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம் இருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் பிடிமானம். ஒரு நுனி மென்சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் நிற்கும், மற்ற நுனி கொழுப்பாலான ஒரு நங்கூரத்தால் அதே மென்சவ்வில் குத்தி நிற்கும், நடுத்துண்டு இரண்டு இழை முறுக்கிய கயிறுபோல வெளியே நிற்கும். இரண்டிரண்டு புரதங்கள் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களுக்கிடையிலான பிணைப்புகளால் சோடி சேர்ந்திருக்கும். இப்போது வைரசு அந்த இடத்தில் அரும்பினால் கயிற்றின் ஒரு நுனி வைரசின் போர்வைக்குள் போய்விடும், மறு நுனி கலத்தில் இருக்கும். வைரசு முழுதாக உருவாகியும் போக வழியில்லை. பின்னால் வருகிற அடுத்த வைரசும் அதன் பக்கத்தில் கட்டுப்படும். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் கலத்தின் விளிம்பில் வைரசுகள் குவிந்து, ஒன்றோடொன்று தொடுத்தபடி தொங்குகின்றன. குருநகர் இறங்குதுறையில் கடலுக்குப் போகாத நாளில் வள்ளங்கள் பக்கத்து வள்ளத்தோடும் சேர்த்துக் கட்டி மிதந்துகொண்டு நிற்குமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இந்தக் கயிறு என்ன நூலால் திரிக்கப்பட்டது என்பது முக்கியமில்லை, அதன் வடிவம்தான் முக்கியம் என்று 2009 இல் ஒரு பரிசோதனை காட்டியது. டெதரினோடு சம்பந்தமே இல்லாத வேறு மூன்று புரதங்களின் துண்டுகளை எடுத்து, அதே வடிவத்தில் ஒன்றாகச் சேர்த்து ஒரு செயற்கை டெதரினைச் செய்தார்கள். அதுவும் வைரசைக் கட்டிவைத்தது. இதை நான் முதலில் வாசித்தபோது மேசையை விட்டு எழும்பி ஒருமுறை முற்றத்தில் நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன். குருதி எடுப்பது, குருதியில் இருப்பதை நிறத்தால் காட்டும் எலைசா பரிசோதனை ஓட்டுவது, முடிவைப் பதிவது. என் கையில் நாள் முழுக்கப் புழங்குவது பிறபொருளெதிரிகள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த சொல் அது, தமிழ்நாட்டு நண்பர்கள் எதிர்ப்பான் என்பார்கள், பொருள் ஒன்றுதான். குறிப்பிட்ட ஒரு வடிவத்தைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளும் புரதம். உடம்புக்கு அது ஆயுதம். எங்களுக்கு அது கண். பெறாமகளுக்கு டெதரினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம் முழுக்க என் மனதில் வேறொரு ஆளும் இருந்தார், இந்தக் கண்ணை நம்பி ஆட்கள் அவசரப்பட்டதால் அடிபட்ட ஒரு தம்பி. பிறகு அவருடைய கதைக்கு வருகிறேன்.

டெதரினைக் கண்டுபிடிக்க 20 வருடம் எடுத்தது. 1988 இல் எச்.ஐ.வியின் மரபணுக்களில் விபியு என்று ஒரு சின்னப் புரதத்துக்கான மரபணு இருப்பது தெரியவந்தது. அதை நீக்கிவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள், அங்கேதான் குழப்பம். சில வகைக் கலங்களில் விபியு இல்லாத வைரசும் வழமைபோல வெளியே போனது. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் ஹீலா என்ற கலவகை மாதிரியான வேறு கலங்களில் வைரசு உருவாகி, கலத்தின் மேற்பரப்பு வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் இரண்டு விளக்கம் சொல்லலாம். ஹீலாவில் வைரசுக்கு உதவி செய்யும் ஏதோ ஒன்று குறைவு, அல்லது ஹீலாவில் வைரசை மறிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. இதைத் தீர்க்க 2003 இல் செய்த வேலை மிக எளிமையானது, மிக அழகானதும்கூட. மறிக்கிற கலத்தையும் மறிக்காத கலத்தையும் ஒன்றாக இணைத்து ஒரே கலமாக்கினார்கள். இணைந்த கலம் மறித்தது. உதவி குறைவு என்பதுதான் காரணம் என்றால் மற்றக் கலம் அந்த உதவியைக் கொண்டுவந்திருக்கும், வைரசு போயிருக்கும். ஆகவே ஹீலாவில் ஒரு தடை இருக்கிறது.

அப்புறம் இன்னொரு தடயம். மேற்பரப்பில் சிக்கியிருந்த வைரசுகளுக்குமேல் புரதத்தை வெட்டும் ஒரு நொதியத்தை ஊற்றினார்கள். வைரசுகள் கழன்று மிதந்தன. கட்டியிருப்பது புரதக் கயிறுதான் என்று அதோடு தெரிந்தது. இன்டர்பெரோன் கொடுத்தால், முன்பு மறிக்காத கலங்களும் மறிக்கத் தொடங்கின. இன்டர்பெரோன் 1957 இலேயே லண்டனில் ஐசக்ஸும் லின்டன்மனும் கண்டுபிடித்த பொருள். வைரசு வந்திருக்கிறது என்று ஒரு கலம் அக்கம்பக்கத்துக் கலங்களுக்குக் கொடுக்கும் சத்தம் அது. எங்கள் ஊரில் பாம்பைக் கண்டால் ஒரு வீட்டில் போடுகிற சத்தத்துக்கு நாலு வீட்டில் தடி எடுப்பார்களே, அதுபோல. இந்தத் தடயங்களைச் சேர்த்து, எந்தப் புரதம் இந்த எல்லா நிபந்தனைக்கும் பொருந்துகிறது என்று தேடி, 2008 ஜனவரியில் நியூயோர்க்கில் ஸ்டூவர்ட் நீலும் போல் பினியாஸும் அவர்களுடைய குழுவினரும் அந்தப் புரதத்தைப் பிடித்து டெதரின் என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் சான் டியாகோவில் ஜோன் குவாட்டெல்லியின் குழுவும் வேறு வழியால் வந்து அதே புரதத்தில் நின்றது.

ஆனால் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி 14 வருடமாக ஏற்கெனவே இருந்தது!

1994 இல் ஜப்பானில் ஒரு குழு குருதிப் புற்றுநோயில் ஒரு வகையான மயலோமாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. மயலோமாக் கலங்களை எலிக்கு ஏற்றி, எலி உண்டாக்கிய பிறபொருளெதிரிகளில் அந்தப் புற்றுநோய்க் கலங்களில் நன்றாக ஒட்டும் ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். அதற்கு எச்எம் 1.24 என்று பெயர். அது எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது, அந்தப் புரதம் உடம்பில் என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் எலும்பு மச்சைக் கலங்களில் வேலை செய்த இன்னொரு ஜப்பானியக் குழு ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் புரதத்துக்கு பிஎஸ்டி-2 என்று பெயரிட்டது. பிறகுதான் இரண்டும் ஒன்றென்று தெரிந்தது. சர்வதேசப் பட்டியலில் அதே புரதத்துக்கு சீடி 317 என்று இன்னொரு பெயர். ஆக ஒரு பொருளுக்கு நாலு பெயர். பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் நாலையும் போட்டுத் தேடவேண்டும்.

ஒரே வடிவத்தில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு செய்துகொண்டே இருக்கும் வழியை 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். பிறபொருளெதிரி செய்யும் ஒரு கலத்தையும், சாகாமல் பெருகும் ஒரு மயலோமாக் கலத்தையும் இணைத்தார்கள். அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1984 இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் தினமும் கையில் எடுக்கிற கிட்டுகளில் பாதிக்கு அந்த ஒரு வேலைதான் அத்திவாரம்.

பெறாமகள் இதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்திருந்தாள். "கயிறு இருந்தா ஏன் வைரசு வெல்லுது?" என்றாள்.

விபியுதான் காரணம். கலத்தின் மேற்பரப்பில் டெதரின் போய்ச் சேராமல் மறிப்பதும், இருப்பதை உள்ளே இழுத்து கலத்தின் குப்பைக்கிடங்கான இலைசோசோமுக்கு அனுப்பிவைப்பதும் அதன் வேலை. இது வைரசுக்குத் தானாக வந்த கெட்டித்தனமும் இல்லை. எச்.ஐ.வி-1 சிம்பன்சிகளின் வைரசிலிருந்து மனிதருக்கு வந்தது. சிம்பன்சி வைரசு டெதரினை மடக்கப் பயன்படுத்தியது நெஃப் என்ற வேறொரு புரதத்தை. நெஃப் டெதரினைப் பிடிப்பது அதன் உட்பக்க வாலில். மனித டெதரினின் வாலில் அந்த இடத்தில் 5 அமினோ அமிலங்கள் இல்லை, எங்கள் முன்னோரின் காலத்திலேயே போய்விட்டன. பிடி இல்லாமல் நெஃப் வழுக்கியது. உலகம் முழுக்கப் பரவிய எம் என்ற வகை எச்.ஐ.வி, விபியுவை மாற்றியமைத்து அந்த வேலையை அதற்குக் கொடுத்துத்தான் மனிதருக்குள் நன்றாக நிலைகொண்டது. 5 அமினோ அமிலங்கள் என்று சொன்னதும் அவள் கண் விரிந்ததைப் பார்க்கவேண்டுமே. மூன்று வரிக் குறிப்புக்குப் பக்கத்தில் பெரிதாக 5 என்று எழுதி வட்டம் போட்டாள்.

சரி, விபியு டெதரினை மேற்பரப்பிலிருந்து அகற்றுகிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பிறபொருளெதிரி வருகிறது, என் தொழில்காரியின் மனம் நிற்பதும் இங்கேதான்.

உயிருள்ள கலங்களைக் குளிரில் வைத்து, மென்சவ்வைத் துளைக்காமல், ஒளிரும் சாயம் கட்டிய பிறபொருளெதிரியை ஊற்றினால் அது மேற்பரப்பில் உள்ள டெதரினில் மட்டும்தான் ஒட்டும். கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கலாம். திரையில் ஒவ்வொரு கலமும் ஒரு புள்ளி. விபியு உள்ள வைரசு தொற்றிய கலங்களின் புள்ளிக்கூட்டம் ஒளி குறைந்த பக்கத்துக்கு நகர்ந்திருக்கும். அதே கலங்களைத் துளைத்துவிட்டு ஊற்றினால் உள்ளே இருப்பதிலும் ஒட்டும், அப்போது கதை வேறு. கலத்தை உடைத்துக் கரைத்து, புரதங்களைப் பருமன்படி பிரித்துக் கோடுகளாகப் பார்க்கும் வெஸ்டர்ன் புளொட் செய்தால் மேலே இருந்தது உள்ளே இருந்தது எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், எங்கே இருந்தது என்ற தகவலே போய்விடும். அதிலும் டெதரின் ஒரு நேரான கோடாக வராது. புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கூடியும் குறைந்தும் தொங்குவதால், மழைத்துளி பட்ட கையெழுத்துப்போல மேலும் கீழும் கலங்கித்தான் விழும். படிக்கிற காலத்தில் வேறொரு சர்க்கரைப் புரதத்துக்கு நான் முதன்முதல் வெஸ்டர்ன் புளொட் செய்தபோது இப்படி ஒரு கலங்கல் வந்தது. ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்து எறியப் போனேன். எங்களுக்குப் படிப்பித்த சேர் கையைப் பிடித்து நிறுத்தி, "எறியாதை பிள்ளை, அதுதான் உண்மையான முடிவு" என்றார்.

அப்புறம் யாருடைய பிறபொருளெதிரி என்பதும் இருக்கிறது. ஒரே குளோனிலிருந்து, அதாவது ஒரே கலத்தின் வழிவந்த கூட்டத்திலிருந்து, வருவது புரதத்தின் ஒரே இடத்தில்தான் ஒட்டும். அந்த இடம் மடிந்து மறைந்திருந்தாலோ வேறொரு புரதம் அதன்மேல் உட்கார்ந்திருந்தாலோ, புரதம் அங்கேயே இருக்க, ஒட்டாது. முயலுக்குப் புரதத்தை ஏற்றி, அதன் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீரான சீரத்தில் பல இடங்களில் ஒட்டும் பிறபொருளெதிரிகள் கலந்திருக்கும். அது எளிதில் தவறவிடாது, ஆனால் முயல் தன் வாழ்நாளில் கண்ட வேறு ஆயிரம் பொருட்களுக்கான பிறபொருளெதிரிகளும் அதே சீரத்தில் இருக்கும். சம்பந்தமில்லாத இடத்தில் ஒட்டிவிட்டு "இருக்கிறது" என்று சொல்லும்.

அதனால் டெதரின் பிறபொருளெதிரியை நம்பவேண்டுமென்றால் முதலில் டெதரின் மரபணுவே இல்லாத கலத்தில் ஊற்றிப் பார்க்கவேண்டும். அங்கே ஒட்டக்கூடாது. அங்கேயும் ஒட்டினால் மற்ற இடத்தில் ஒட்டியதற்குப் பெறுமதி இல்லை. என்னைக் கேட்டால், ஒரு கட்டுரையில் நான் முதலில் தேடுவது அந்த வெறும் படத்தைத்தான், ஒன்றும் ஒட்டாத கறுப்புக் கட்டத்தை. அது இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு வாசிப்பதில்லை.

2009 இல் அமெரிக்காவில் கிளவுஸ் ஸ்ட்ரெபெலின் ஆய்வுகூடத்தினர் ஒன்றைச் சொன்னார்கள். எச்.ஐ.வி தொற்றுகிற வெண்குருதிக் கலங்களான டி-கலங்களின் சில வகைகளில் விபியு வைரசை நன்றாக வெளியே அனுப்புகிறது, ஆனால் மேற்பரப்பில் டெதரின் குறையவில்லை, உள்ளேயும் குறையவில்லை. 1988 இல் விபியுவைக் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர், ஆகவே இது எதிர்ப்பக்கத்தில் நின்றவர் எழுப்பிய சந்தேகம் இல்லை. அப்போது எல்லோரும் நம்பிய விளக்கத்தில் ஒரு ஓட்டை. பிறகு வந்த ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துப் புரியவைத்தன. விபியு டெதரினை அழிப்பதோடு, அழிக்காமலே வைரசு அரும்பும் இடத்திலிருந்து தள்ளிவைக்கவும் செய்கிறது. ஆடு முளையில்தான் கட்டியிருக்கிறது, ஆனால் முளையை வேறு மூலையில் அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வளவிலும் எத்தனை முளை என்று எண்ணினால் இது தெரியவே தெரியாது.

எச்.ஐ.வி உள்ள ஒருவரின் உடம்பில் டெதரின் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டால் இரண்டு பதிலும் சரி. தொற்றின் தொடக்கத்தில் இன்டர்பெரோன் பொங்கும். அந்தச் சத்தம் கேட்ட கலங்கள் எல்லாம் கயிறு திரிக்கத் தொடங்கும். வெண்குருதிக் கலங்களை மொத்தமாகப் பார்த்தால் டெதரின் கூடியிருக்கும், மருந்து எடுத்து வைரசு அடங்கியதும் அது குறையும். ஆனால் அதே குருதியில் வைரசு உள்ளே இருக்கிற அந்தச் சில கலங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் மேற்பரப்பில் டெதரின் குறைந்திருக்கும், விபியு அகற்றியிருக்கும். ஒரே ஆள், ஒரே குழாயில் எடுத்த குருதி, ஒரே பிறபொருளெதிரி. எந்தக் கலத்தைக் கேட்டோம் என்பதில் பதில் மாறுகிறது.

கயிறு வைரசைக் கட்டிவைப்பதோடு நிற்பதுமில்லை. கட்டுப்பட்ட வைரசுகள் கலத்தின் மேலேயே தொங்குவதால், அந்த ஆளின் உடம்பு செய்த பிறபொருளெதிரிகள் அவற்றில் வந்து ஒட்டுகின்றன. அதைக் கண்டு இயற்கைக் கொல்லிக் கலங்கள் வந்து முழுக் கலத்தையுமே அழிக்கும். விபியு டெதரினை அகற்றும்போது கலம் மறைந்துகொள்கிறது. இதைச் சொன்னபோது பெறாமகள், "அப்ப அந்தக் கலம் தன்னையே காட்டிக்குடுக்குதோ" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

இனி அந்தத் தம்பியின் கதை.

சில வருடத்துக்கு முன் வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்த ஒரு இளைஞர். எடுத்தது வேறொரு இடத்தில். எச்.ஐ.விக்கான முதற்கட்டப் பரிசோதனையில் அவருடைய குருதி ஒட்டிவிட்டது, அதாவது எச்.ஐ.விக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதுபோலக் காட்டியது. முதற்கட்டம் அவ்வளவுதான், அதை வைத்து யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் அங்கிருந்து யாரோ யாருக்கோ சொன்னார்கள், அது அவர் வீட்டுக்கு வருமுன்னே ஊருக்கு வந்துவிட்டது. அவருக்கு ஒரு பேச்சுக்கால் ஏறக்குறைய முடிவாகி, நாள் பார்க்கிற நிலையில் இருந்தது. அது குழம்பியது. எங்களிடம் வந்தபோது தாய்தான் கூட வந்தா. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டா, "பிள்ளை, சொந்தக்காரர் அவனுக்குத் தனிக் கோப்பையிலதான் சோறு போடவேணும் எண்டு சொல்லினம், நான் போடேல்ல. நான் செய்தது சரிதானே?" கோப்பையால், குவளையால், பக்கத்தில் இருப்பதால் எச்.ஐ.வி தொற்றாது. தொற்று இருக்கிறது என்று உறுதியான ஆளுக்கும் தனிக் கோப்பை தேவையில்லை. சரிதான் அம்மா, நீங்கள் செய்ததுதான் சரி என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

குருதி எடுத்து, உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்தது. தொற்று இல்லை.

இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 10,000 பேரைப் பரிசோதிக்கிறோம் என்று வையுங்கள். ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தொற்று என்றால் 10 பேர். பரிசோதனை மிக நல்லது, தொற்று இல்லாதவர்களில் 100 க்கு 99.5 பேருக்குச் சரியாக இல்லை என்று சொல்லும் என்று வைத்துக்கொண்டால், மிச்சமுள்ள 9,990 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குப் பிழையாக ஒட்டும். ஆக முதற்கட்டத்தில் ஒட்டியவர்கள் 60 பேர், அவர்களில் 50 பேருக்கு நோயே இல்லை. இலங்கை எச்.ஐ.வி மிகக் குறைவாக உள்ள நாடு, வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு, எனவே இங்கே இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாக இருக்கும். வேறொரு நோய்க்காக உண்டான பிறபொருளெதிரி, தன்னெதிர்ப்பு நோய், கர்ப்பம், சிலவேளை அண்மையில் போட்ட தடுப்பூசி, இப்படி எதுவும் கிட்டில் போய் ஒட்டலாம். உலக சுகாதார நிறுவனம் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று பரிசோதனைகளிலும் ஒட்டினால்தான் தொற்று என்று சொல்லச் சொல்வது இதனால்தான். முயல் சீரத்தை டெதரின் இல்லாத கலத்தில் ஊற்றிப் பார்ப்பதும் இதுவும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. எச்.ஐ.வி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் குருதியில் பிறபொருளெதிரி நிச்சயம் ஒட்டும், ஏனென்றால் அது தாயின் பிறபொருளெதிரி, சூல்வித்தகத்தின் ஊடாக வந்தது. 18 மாதம் வரைக்கும்கூட அது குழந்தையின் உடம்பில் நிற்கலாம். அந்தக் குழந்தைக்குத் தொற்றா இல்லையா என்று பிறபொருளெதிரியைக் கேட்டுப் பயனில்லை, வைரசின் மரபுப்பொருளையே நேராகத் தேடவேண்டும். கர்ப்ப காலத்தில் பரிசோதித்து, தாய்க்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குழந்தைக்குத் தொற்றாது. 2019 டிசம்பரில் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை இல்லாமல் செய்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. கிளினிக்கில் ஒவ்வொரு கர்ப்பிணியின் கையிலும் ஊசி குத்தி எடுத்த அந்தச் சின்னக் குழாய்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

பிறபொருளெதிரி பழுதாகும் என்பதும் மறக்கக்கூடாத விசயம். 2022 இல் நாட்டில் மின்வெட்டு ஒருநாள் 13 மணித்தியாலம் வரை போனது. எலைசா கிட்டுகள் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டியவை. பாசையூர்ப் பக்கம் மீனுக்கு ஐஸ் விற்கும் ஒருவரிடம் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் நிரப்பி, நடுவில் வெப்பமானியைச் செருகி, அரை மணிக்கொருதரம் மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்ப்போம். மீன் மணம் கைக்குப் போகவே போகாது. ஒருநாள் காலை கட்டுப்பாட்டுச் சீரத்தைப் போட்டபோது, சோதனைத் தட்டில் நிச்சயம் கடும் மஞ்சளாக வரவேண்டிய கிணறு, அதாவது சின்னக் குழி, வெளிறிய வைக்கோல் நிறத்தில் நின்றது. இயந்திரம் எண்ணைக் கொடுத்தது, அந்த எண் எல்லைக்கு மேலே மயிரிழையில் நின்றது. கிட்டு கிடைக்காத காலம். இருந்தாலும் அந்தக் கிட்டை நான் பாவிக்கவில்லை. கட்டுப்பாடே தள்ளாடும்போது நோயாளியின் கிணற்றில் நிறம் வரவில்லை என்பதற்கு என்ன அர்த்தம்? அன்று வந்த 11 பேரிடமும் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவேண்டி வந்தது, ஒரு ஐயா பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து வந்திருந்தார், அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெறாமகள் அன்றைக்கு இருட்டின பிறகுதான் போனாள். கொப்பியில் மூன்று வரிக்குக் கீழே ஒரு படம் வரைந்திருந்தாள். ஒரு வட்டம், வட்டத்தின் விளிம்பில் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட்டுக் கயிறு. பக்கத்தில் விபியு என்று எழுதி அம்புக்குறி. "இது சோதினைக்கு வராது சின்னம்மா" என்றாள். வராது. ஆனாலும் அவள் அதை அழிக்கவில்லை.

அந்தத் தம்பி வெளிநாடு போகவில்லை. இங்கேயே சொந்தமாக ஒரு தொழில் பார்க்கிறார். சில மாதம் முன்பு தாய்க்குச் சீனி பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். குருதி எடுத்து முடிந்து, தாய் பஞ்சை அமத்திக்கொண்டு வாங்கில் இருக்க, இவர் சேட்டுப் பொக்கற்றிலிருந்து பேர்ஸை எடுத்துக் காசைத் தந்தார். பேர்ஸுக்குள் அடையாள அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை. அந்த இல்லை என்ற முடிவைச் சின்னதாகப் போட்டோக்கொப்பி எடுத்து, லமினேற் செய்து வைத்திருக்கிறார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "கேட்டாக் காட்டலாமெல்லோ அக்கா" என்றார். ஓரம் பிரியத் தொடங்கியிருந்தது. புதிதாக ஒன்று எடுத்துத் தரவா என்று கேட்டேன். தலையாட்டினார். உள்ளே போய், பழைய பதிவேட்டில் அவருடைய இலக்கத்தைத் தேடி எடுத்தேன்.